ஃபீடர் நின்றுவிட்டது என்று எழுதும் முன்

மேலகரம், தென்காசி மாவட்டம்.

துணைமின் நிலையங்களில் ரிலே அமைக்கும் பொறியாளர்களுக்கும், இரவுப் பணி பார்க்கும் ஆபரேட்டர்களுக்கும், காற்றிலும் மழையிலும் கம்பம் ஏறும் ஊழியர்களுக்கும்,



தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் குடியிருப்பவன் நான். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று எங்கள் ஊர்த் தோப்புகளை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். உங்களுக்கு அது தூக்கமில்லாத காலம். பச்சை ஓலை கம்பியில் விழும், ஜம்பர் அறும், பின் இன்சுலேட்டர் வெடிக்கும், நள்ளிரவில் சாரலில் நனைந்தபடி யாராவது ஒருவர் ஏபி சுவிட்சைத் திறக்கப் போவார். அந்த உழைப்பை அறிந்தவன் என்பதால் இதைப் புகார்க் கடிதமாக எழுதவில்லை. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு மின்பாதுகாப்புப் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில், ஒரே ஒரு பழுதைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன்: அறுந்து தரையில் கிடந்தும் மின்சாரம் போகாமல் இருக்கும் 11 கேவி கம்பி.

கம்பி அறுந்தால் கரண்ட் தானாகப் போய்விடும் என்றுதான் ஊரில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான். அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 11 கேவி லைனில் ஒரு பேஸுக்கும் தரைக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 6,350 வோல்ட். அறுந்த கம்பி நன்றாக எர்த் செய்த இரும்பில் மோதினால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். பழுதைக் கண்டறியும் ரிலே உடனே பார்க்கும், மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் திறக்கும். அதே கம்பி காய்ந்த சிமென்ட் தரையில் விழுகிறது, தொடும் இடத்தின் தடை 5,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாய்வது 1.27 ஆம்பியர். மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குச் சொல்லும் சிடி 200 ஆம்பியர், எர்த் ஃபால்ட் ரிலே 20 சதவீதத்தில் அமைந்திருக்கிறது என்றால், அது அசைய 40 ஆம்பியர் வேண்டும். இந்தக் கம்பி தரையில் செலவழிப்பது 8 கிலோவாட். தோப்பில் ஓடும் பத்து எச்பி மோட்டார் இழுக்கும் அளவு. ரிலேயைப் பொறுத்தவரை ஃபீடரில், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் அந்த லைனில், யாரோ தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், அவ்வளவுதான்.

மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் விழுகிறது. 30 மில்லி ஆம்பியருக்கும் 40 ஆம்பியருக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் உயிர்கள் போகின்றன.

தரையைப் பொறுத்து இந்த மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பி. டான் ரசலும் அவருடைய குழுவினரும் 1970-களிலிருந்து, உண்மையான லைன்களில் கம்பியைத் தரையில் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். மின்பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பின் ரிலே குழு 1996-ல் வெளியிட்ட அறிக்கையில் 12.5 கேவி லைனுக்கான மாதிரி அளவுகள் இருக்கின்றன. நம் 11 கேவிக்குப் பக்கத்து மின்னழுத்தம்தான் அது. காய்ந்த தார் ரோட்டிலும், காய்ந்த மணலிலும், உள்ளே கம்பி கட்டாத கான்கிரீட்டிலும் பாய்ந்தது ஏறக்குறையப் பூஜ்யம். ஈர மணலில் 15 ஆம்பியர். காய்ந்த புல்லில் 25. ஈரப் புல்லில் 50. இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 75.

இந்த எண்களை எங்கள் ஊர் நிலத்தில் வைத்துப் பாருங்கள். சிற்றாற்று வாய்க்கால் ஓரத்தில் நனைந்து கிடக்கும் புல்லில் கம்பி விழுந்தால் 40 ஆம்பியர் ரிலே பார்த்துவிடும். நாலு நாள் வெயில் அடித்த பிறகு அதே புல்லில் விழுந்தால் பார்க்காது. மட்டையும் சருகும் குவிந்த தென்னந்தோப்பில் பார்க்காது. தார் ரோட்டில் நிச்சயமாகப் பார்க்காது. சாரல் ஒரு வகையில் நமக்குத் துணை நிற்கிறது. கம்பி கிடக்கும் சேதியை ரிலே வரைக்கும் கொண்டு சேர்க்கிறது. ஆனால் பார்க்கும் அளவுக்குச் சற்றுக் கீழே மின்னோட்டம் நின்றுவிட்டால், ஈரத் தரையே கம்பியைச் சுற்றிப் பல அடி தூரத்துக்கு மின்னழுத்தத்தைப் பரப்பி வைக்கும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால், கம்பியைத் தொடாமலே அது முதலில் விழும்.

2023 நவம்பர் 19 அன்று பெங்களூரு வைட்ஃபீல்டு பகுதியில், ஹோப் ஃபார்ம் சந்திப்பின் நடைபாதையில் 11 கேவி கம்பி ஒன்று அறுந்து கிடந்தது. விடியும் முன், பயணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளம் தாய் அதை மிதித்தார். அவரும் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் அங்கேயே இறந்தார்கள். நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்றில், ஆட்கள் நடக்கும் நடைபாதையில், உயிருள்ள கம்பி ஒன்று கிடக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் ஆய்க்குடியிலோ வடகரையிலோ, இரவு முழுவதும் யாரும் போகாத தோப்புக்குள் எத்தனை மணி நேரம் கிடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி ஆபரேட்டர் நண்பர்களிடம் தனியாக ஒன்று. ஃபீடர் டிரிப் ஆனால் சற்றுப் பொறுத்து ஒருமுறை சார்ஜ் செய்து, அதாவது மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பெரும்பாலான பழுதுகள் தற்காலிகமானவை. ஓலை உரசிவிட்டு விழுந்துவிடும், அணில் குறுக்கே பாய்ந்திருக்கும். ஆனால் ஒரு கம்பி அறும்போது என்ன நடக்கிறது? அது நேராகக் கீழே விழுவதில்லை. வீசி ஆடும்போது கிராஸ் ஆர்மிலோ பக்கத்துப் பேஸிலோ மோதுகிறது. அந்த நொடியில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது, ரிலே பார்க்கிறது, பிரேக்கர் திறக்கிறது. நீங்கள் மறுபடி சார்ஜ் செய்யும்போது அது ஆட்டம் ஓய்ந்து காய்ந்த தரையில் கிடக்கிறது. மின்னோட்டம் இல்லை, ரிலேக்கு வேலை இல்லை. ஃபீடர் மறுபடி டிரிப் ஆகாமல் நிற்கிறது. லாக் புத்தகத்தில் பழுது தற்காலிகம் என்று பதிவாகிறது. டிரிப் ஆகி, பிறகு சாதுவாக நின்றுவிடும் ஃபீடர்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டிய ஃபீடர்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து லஹைனாவில் 2023 ஆகஸ்ட் 8 அன்று நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். பலத்த காற்றில் கம்பிகள் அறுந்து கிடந்தன, அந்த லைனுக்கு மறுபடி மின்சாரம் கொடுக்கப்பட்டது, காய்ந்த புல்லில் தீப்பிடித்தது. காலையில் அணைந்துவிட்டதாக நினைத்த அந்த நெருப்பு பிற்பகலில் மீண்டும் மூண்டு ஊரையே எரித்தது. 102 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் வெளியான அரசு விசாரணை அறிக்கை, மறுபடி உயிர்பெற்ற அறுந்த கம்பியையே தீயின் தொடக்கமாகக் குறிப்பிட்டது.

சார்ஜ் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அருவிக்கரையில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் இரவில் ஊரை இருட்டில் வைப்பதும் ஆபத்துதான். பெருங்காற்று அடிக்கும் இரவில் மட்டுமாவது, சார்ஜ் செய்த ஃபீடர் டிரிப் ஆகாமல் நின்றதும் பேனலில் ஆர், ஒய், பி மூன்று பேஸின் ஆம்பியரையும் டிரிப் ஆவதற்கு முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பேஸில் மட்டும் சுமை குறைந்திருந்தால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. அப்போது பிரேக்கரை மறுபடி திறந்துவிட்டு லைன்மேனைப் பார்வையிட அனுப்புவதில் உங்களுக்குப் பழி வரக்கூடாது. அப்படி முடிவெடுக்கும் உரிமையை எழுத்தில் தர வேண்டியது மேலதிகாரிகளின் கடமை.

ரிலே அமைக்கும் பொறியாளர்களிடம்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பழுதைப் பிடிப்பது கடினம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்க லைனைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே டிஸ்ட்ரிபியூஷன் லைன் நான்கு கம்பி, நியூட்ரலைப் பல இடங்களில் எர்த் செய்திருப்பார்கள், வீட்டுச் சுமைகள் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே தொங்கும். அதனால் எந்தப் பழுதும் இல்லாத நாளிலேயே மூன்று பேஸின் கூட்டு மின்னோட்டம் பல பத்து ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் 5 ஆம்பியர் பழுதைத் தேடுவது பெரும்பாடு. அதனால்தான் அவர்கள் வேறு வழி தேடினார்கள். மண்ணில் விழுந்த கம்பியில் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் தீப்பொறி மூண்டு அணைகிறது. மணல் உருகிக் கண்ணாடியாகித் தடை கூடுகிறது. மின்னோட்ட அலையின் வடிவம் நிலைகொள்ளாமல் கோணுகிறது. அந்தக் கோணலை ஹார்மோனிக் கொண்டு அடையாளம் காணும் ரிலேக்களைச் செய்தார்கள். டெக்சாஸ் ஆய்விலிருந்து பிறந்த முறை ஜிஇ நிறுவனத்தின் எஃப்60 ரிலேயில் வந்தது, எஸ்இஎல் நிறுவனமும் தன் முறையைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் எல்லாப் பழுதையும் பிடிப்போம் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

நம் லைன் அப்படிப்பட்டதல்ல. 33/11 கேவி பவர் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலை எர்த் செய்திருக்கிறோம். ஆனால் ஃபீடர் மூன்று கம்பிதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் 11 கேவி பக்கம் டெல்டா. வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த எல்.டி. பக்கத்தில் சுமை எவ்வளவு ஏறுக்குமாறாக இருந்தாலும் அது 11 கேவி பக்கத்தில் தரை வழியே திரும்பாது. ஆக, நல்ல நிலையில் உள்ள ஃபீடரில் மூன்று பேஸின் கூட்டு மின்னோட்டம் மிகச் சிறியது. லைனின் சார்ஜிங் கரண்டில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வும், மூன்று சிடிகளுக்கு இடையே உள்ள சிறு பிழையும்தான் அது. அமெரிக்கப் பொறியாளர் ஏங்கும் அமைதி நம் ஃபீடரில் இயல்பாகவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 40 ஆம்பியரில் ஏன் நிற்க வேண்டும்?

சென்சிடிவ் எர்த் ஃபால்ட் ரிலேயை 5 ஆம்பியரைச் சுற்றி, சில விநாடித் தாமதத்தோடு வைக்கலாம். மூன்று கம்பி லைன் உள்ள பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது பழைய பழக்கம். மூன்று சிடிகளைக் கூட்டி எடுக்கும் இணைப்பில் சிடி பிழை தொந்தரவு கொடுக்கும் என்றால், பிரேக்கரிலிருந்து வெளியேறும் 11 கேவி கேபிளைச் சுற்றி ஒரு கோர் பேலன்ஸ் சிடியைப் போடுங்கள். இன்றைய நியூமெரிக்கல் ரிலேக்களில் இதற்கான சென்சிடிவ் இன்புட் கிடைக்கிறது. 5 ஆம்பியர் அமைப்பு ஈர மணலின் 15-ஐயும் காய்ந்த புல்லின் 25-ஐயும் பிடித்துவிடும். வயலிலும் தோப்பிலும் விழும் கம்பிகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள்தான் வரும்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். ஆடிக் காற்றில் ஒவ்வோர் ஓலை உரசலுக்கும் ஃபீடர் விழும், ஊர் முழுக்கப் போன் அடிக்கும், மின்தடைக் கணக்கு ஏறும். நியாயமான கவலை. அதனால் முதல் சீசனில் டிரிப் வேண்டாம், அலாரம் மட்டும் அடிக்கட்டும். எந்த நேரத்தில், எத்தனை ஆம்பியர், எத்தனை விநாடி என்று பதிவாகட்டும். லைன்மேன் போய்ப் பார்த்ததையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் ஆனியிலிருந்து ஆவணி வரை அப்படிப் பதிவு செய்தால், எந்த ஃபீடருக்கு என்ன அமைப்பு என்பது உங்கள் கையிலேயே இருக்கும். ஓலை உரசலில் அடிக்கும் அலாரமும் வீண் இல்லை. எந்த மரத்தை வெட்ட வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது.

உலகம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு கிராமத்து லைனின் கம்பி அறுந்து தீப்பிடித்தது. அந்த ஒரு தீயில் 119 பேர் மாண்டார்கள். அரச விசாரணைக்குப் பிறகு, காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளின் துணைமின் நிலையங்களில் ஒரு புதிய ஏற்பாட்டை அந்த அரசு கட்டாயமாக்கியது. 22 கேவி லைனில் வெறும் அரை ஆம்பியர் பழுது வந்தாலும் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் 2 விநாடிக்குள் 250 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். அதன் அடிப்படை, ஜெர்மனியின் வால்டெமர் பீட்டர்சன் 1916-ல் கண்டுபிடித்த நியூட்ரல் காயில்தான். இதை நாளையே இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கமாட்டேன். லைன் முழுவதும் இன்சுலேஷனை மாற்ற வேண்டியிருக்கும், செலவு பெரிது. ஆனால் அங்கே அரை ஆம்பியர் சட்டமாக இருக்கும்போது இங்கே 5 ஆம்பியரை எட்ட நினைப்பது பேராசை ஆகாது.

காய்ந்த தார் ரோட்டில் விழும் கம்பி மட்டும் எந்த மின்னோட்ட ரிலேக்கும் அகப்படாது. அங்கே மின்னழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சான் டியாகோ மின்நிறுவனம் இதை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 30 அடி உயரத்திலிருந்து கம்பி தரையைத் தொட 1.37 விநாடி ஆகும். அதற்குள், லைனின் பல இடங்களிலிருந்து வரும் அளவுகளை ஒப்பிட்டு, கம்பி அந்தரத்தில் இருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு வேகம் இப்போது கிட்டாது. ஆனால் 2021-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த, மின்விநியோகத்தைச் சீரமைக்கும் ஆர்டிஎஸ்எஸ் திட்டத்தில் ஃபீடருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மீட்டர் வைப்பது சேர்ந்திருக்கிறது. அந்த மீட்டர்கள் யூனிட் கணக்குக்கு மட்டும் பயன்பட்டால் போதாது. ஒரு பேஸ் மின்னழுத்தம் விழுந்ததும் துணைமின் நிலையத்தில் மணி அடிக்க வேண்டும்.

அந்த மணி வரும் வரை, ஊர் மக்களே மணியாக இருக்கலாம். 11 கேவியில் ஒரு கம்பி அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கத்தில் ஒரு பேஸ் முழு வோல்டேஜோடு இருக்கும், மற்ற இரண்டும் ஏறத்தாழப் பாதியாகும். எதிர் வீட்டில் விளக்கு பளிச்சென்று எரியும், நம் வீட்டில் மங்கும், மின்விசிறி சோம்பலாகச் சுற்றும், மோட்டார் கிளம்பாமல் உறுமும். லோ வோல்டேஜ் என்று அலுத்துக்கொண்டு படுத்துவிடுகிறோம். காற்று அடித்த இரவில் பாதித் தெரு மங்கினால், அது எங்கோ ஒரு கம்பி தரையில் கிடப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அறுந்த கம்பியின் சுமைப் பக்கத்து முனை தரையில் கிடந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சுருள் வழியே பின்னாலிருந்து அதற்கு மின்சாரம் வரும். அந்த மின்னோட்டம் இன்னும் சிறியது, ரிலேக்கு இன்னும் தெரியாதது. ஆனால் மிதித்தவரைக் கொல்லும் மின்னழுத்தம் அதில் இருக்கிறது.

எல்.டி. லைனைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ரிலேயே கிடையாது, ஃபியூஸ்தான். 230 வோல்ட் கம்பி 50 ஓம் தரையில் கிடந்தால் 4.6 ஆம்பியர் பாயும். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ் நூறு ஆம்பியருக்கு மேல் தாங்க வைத்தது. அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. பள்ளிக்கூட வாசல், சந்தை, அருவிக்குப் போகும் சாலை ஆகிய இடங்களில் திறந்த கம்பியை எடுத்துவிட்டு உறையிட்ட ஏபி கேபிள் போடுவதுதான் வழி. 11 கேவி ரோட்டைக் கடக்கும் இடங்களில் லைனுக்குக் கீழே கட்டும் பாதுகாப்புக் கம்பியான கார்டிங்கைச் சரியாக வைப்பதும் அப்படித்தான். அறுந்த கம்பி எர்த் செய்த கார்டு கம்பியில் விழுந்தால், தார் ரோட்டுக்கு வரும் முன்பே ரிலே பார்க்கும் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்துவிடும். பழைய உத்தி, மலிவான உத்தி. பல ஊர்களில் துருப்பிடித்து அறுந்து தொங்குவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 91-ஆவது விதி, தெருவுக்கோ பொது இடத்துக்கோ மேலே போகும் திறந்த கம்பி அறுந்தால் அதைத் தீங்கற்றதாக்கும் கருவி இருக்க வேண்டும் என்றது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதிகளிலும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. மழைநீரில் மூழ்கிக் கிடந்த கம்பியில் சைக்கிளோடு ஏறி ஒருவர் இறந்த மத்தியப் பிரதேச வழக்கில், 2002 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது என்ற வாரியத்தின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்றார்கள். இழப்பீடு கொடுக்கும் பணத்தில் எத்தனை கோர் பேலன்ஸ் சிடி வாங்கலாம் என்று நிதிப் பிரிவில் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, அடுத்த ஆனிக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தோப்பு அதிகமுள்ள ஒரே ஒரு ஃபீடரைத் தேர்ந்தெடுங்கள். அதில் சென்சிடிவ் எர்த் ஃபால்டை அலாரமாக மட்டும் வையுங்கள். கிடைத்த பதிவுகளை மற்றக் கோட்டங்களோடும், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்கு: தரையில் கிடக்கும் எந்தக் கம்பிக்கும் 10 மீட்டருக்குள் போகாதீர்கள், மாட்டையும் பிள்ளைகளையும் விடாதீர்கள், குச்சியால் தள்ளிப் பார்க்காதீர்கள். வீட்டில் கரண்ட் இல்லை என்பதால் கம்பியிலும் இல்லை என்று எண்ணாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இரவிலும் எடுக்கும். இடத்தைச் சொல்லுங்கள், ஆள் வரும் வரை தள்ளி நின்று மற்றவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.